ஆளில்லாப் பெட்டியின் மேனியும் பெயரும்

பணம் எடுக்க, பயணச்சீட்டு வாங்க, மின்கட்டணம் செலுத்த, குடிநீர் பிடிக்க என்று ஊழியர் எவரும் உடனில்லாமல் வருபவர் தாமே இயக்கிக்கொள்ளும்படி பொது இடங்களில் நிறுத்தப்படும் தானியங்கிப் பெட்டிகளை வணிக உலகம் கியாஸ்க் என்று அழைக்கிறது. கவுன்டருக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஊழியரின் முகமும் சொல்லும் தரும் நம்பிக்கையை இங்கே வெளித்தகடும் அதன் நிறமும் அதன்மேல் எழுதிய பெயருமே தந்தாக வேண்டும் என்பதால், வெளிப்பூச்சைத் தேர்ந்தெடுப்பது உள்ளிருக்கும் கணினியைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முடிவு. நடைமுறையிலோ, விளம்பரப் பிரிவு அனுப்பிய வண்ணப் படம் ஒன்றைக் கடைசி வாரத்தில் பட்டறையிடம் ஒப்படைப்பதோடு அந்த முடிவு முடிந்துபோகிறது. இரண்டு மழைக்காலம் கடந்ததும் விளிம்புகளில் துரு கசிந்து, சிவப்பு வெளிறி, ஓரங்களில் ஸ்டிக்கர் சுருண்டு நிற்கும் பெட்டியிடம் மக்கள் தம் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தயங்குகிறார்கள். பெட்டியின் உடலை அது நிற்கப்போகும் ஊரின் காற்றும் வெயிலும் தீர்மானிக்க வேண்டும். நிறத்தை நீண்ட காலம் மாறாது என்ற உறுதியோடு தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரையோ நாளைக்கே உரித்து மாற்றக்கூடியதாக வைக்க வேண்டும். இம்மூன்றையும் ஒரே பூச்சில், ஒரே முடிவில் கட்டிப்போடுவதிலிருந்தே பெரும்பாலான கேடுகள் தொடங்குகின்றன.

பொது இடத்துப் பெட்டிக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நீடித்த விளைவுடையது என்பதைப் பிரிட்டனின் தொலைபேசிக் கூண்டு காட்டுகிறது. 1924-ல் நடந்த போட்டியில் கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் வடிவம் தேர்வாகி, கே2 என்ற பெயரில் 1926 முதல் லண்டன் தெருக்களில் நிறுவப்பட்டது. வெளியே வெள்ளி நிறமும் உள்ளே பச்சை கலந்த நீலமும் பூசிய மென்எஃகுக் கூண்டையே ஸ்காட் மனத்தில் கொண்டிருந்தார். அஞ்சல் துறையோ வார்ப்பிரும்பையும், தொலைவிலிருந்தே கண்ணில் படும் சிவப்பையும் தேர்ந்தெடுத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவையொட்டி 1935-ல் ஸ்காட்டே வடிவமைத்த சிறிய கே6 கூண்டு நாடெங்கும் பரவியபோது, நாட்டுப்புறங்களில் அந்தச் சிவப்புக்கு எதிர்ப்புக் கிளம்பி, இயற்கையழகு மிக்க சில இடங்களில் சாம்பல் நிறம் பூச இசைவு தர வேண்டியிருந்தது. பின்னர் தொலைபேசிச் சேவை அஞ்சல் துறையிடமிருந்து பிரிந்து தனியார்மயமாகி, கைப்பேசியும் வந்துவிட, பல கூண்டுகளில் இப்போது தொலைபேசியே கிடையாது. சிலவற்றில் தாளம் தவறிய இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியும், சிலவற்றில் ஊராரின் சிறு நூலகமும் குடியேறியிருக்கின்றன. உரிமையாளரும் சேவையும் மாறிய பின்னும் சிவப்பு மட்டும் நிலைத்திருப்பது, நிறத்தின் ஆயுள் நிறுவனத்தின் ஆயுளைவிட நீளமாகக்கூடும் என்பதற்குச் சான்று.

பணம் வழங்கும் இயந்திரத்தின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1967 ஜூன் 27 அன்று வட லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த முதல் இயந்திரம், அதன் உருவாக்கத்துக்குத் தலைமையேற்றவரும் நம் ஷில்லாங்கில் பிறந்தவருமான ஜான் ஷெப்பர்ட்-பேரனின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படுகிறது; அது வங்கிக் கட்டடத்தின் சுவரிலேயே பதிக்கப்பட்டிருந்தது. அதற்கெனத் தனி மேனி வேண்டியிருக்கவில்லை. வங்கிச் சுவரின் கண்ணியமே அதற்குப் போதுமானதாக இருந்தது. இந்தியாவில் 1987-ல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கி தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, வங்கிக் கிளையை விட்டு விலகிப் பெட்ரோல் பங்குக்கும் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் பரவிய பிறகுதான், சுவர் தந்த நம்பிக்கையைப் பெட்டி தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்த முயற்சிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரையில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று மக்கள் நெருக்கமும் பயணிகள் வரத்தும் மிகுந்த ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிப்பை ஆராய்வதற்காக மண்டபத்தில் வெட்டவெளி நிலையம் அமைத்து, உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் நீண்ட காலம் நிறுத்திவைத்து அளந்திருக்கிறது. அந்தக் கரையருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் கடல்சூழலுக்கான பூச்சும் தேவைப்பட்டன என்றால், அதே காற்றில் நிற்கும் பயணச்சீட்டுப் பெட்டிக்குச் சாதாரண இரும்புத் தகடும் ஒரு கை பெயின்ட்டும் போதும் என்று எண்ணுவதற்கு நியாயமில்லை.

எவர்சில்வர் என்று வீடுகளில் வழங்கும் துருப்பிடிக்காத எஃகு இவ்விடத்தில் உடனே நினைவுக்கு வரும் விடை. ஆனால் அது அரைகுறை விடை. இந்த எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்கி உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் வளர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைப்பதால், ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 என்ற வகை, கடலோரத்தில் சில மாதங்களிலேயே தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படிந்துவிடுகிறது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 என்ற வகைக்கே கடற்கரையில் நிற்கும் தகுதி கூடுதல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தும் பிரித்தறிய முடியாது. ஆகவே உருக்காலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதும், மாலிப்டினம் இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் சொட்டு மருந்துச் சோதனையைப் பட்டறையிலேயே செய்து பார்ப்பதும் வாங்குபவரின் கடமை.

வகை சரியாக அமைந்தாலும் மெருகு தவறினால் பயனில்லை. கோடு கோடாகத் தேய்த்து மங்கலான மெருகேற்றிய தகடு கைரேகையை மறைப்பதால் பலருக்கும் பிடிக்கிறது. அந்தக் கோடுகள் ஆழமாக இருந்தால் உப்பும் ஈரமும் அவற்றுள் தங்கிவிடும் என்பதால், மேற்பரப்பின் சராசரிக் கரடு 0.5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், கோடுகள் மழைநீர் வழியும் திசையில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும் என்பது இத்துறையினர் பின்பற்றும் விதி. பொது அறிவுக்கு மாறாகத் தோன்றும் உண்மை ஒன்றும் இதில் உண்டு: மழையில் நனையும் முகத்தைவிட, கூரைக்கடியில் மழை படாமல் நிற்கும் பகுதியே விரைவில் கறைபடுகிறது, ஏனெனில் அங்கே படியும் உப்பைக் கழுவிவிட எதுவும் இல்லை. இரும்பு அறுத்த அதே கிரைண்டிங் சக்கரத்தால் எவர்சில்வரைத் தேய்க்கும் பட்டறைகளில் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து பின்னர் துருப்புள்ளிகளாக வெளிப்படுகின்றன. குற்றம் தகட்டின் மேல் சுமத்தப்பட்டாலும் பிழை கருவியினுடையது.

செலவு கருதிப் பெரும்பாலான பெட்டிகள் துத்தநாகம் ஏற்றிய ஜி.ஐ. தகட்டில் செய்யப்பட்டு, மேலே பவுடர் கோட்டிங் பெறுகின்றன. நுண்ணிய பிசின் தூளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தெளித்து, அது ஒட்டிய தகட்டை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூளையில் உருக்கி இறுகவைக்கும் இம்முறையில் 60 முதல் 80 மைக்ரான் கனமுள்ள உறுதியான பூச்சு கிடைக்கிறது. எபாக்சி வகைத் தூள் ஒட்டும் திறன் மிக்கது, ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறும். பாலியெஸ்டர் வகை வெயிலைத் தாங்கும். கடலோரத்தில் எபாக்சி பிரைமரை அடியிலும் வெயில் தாங்கும் பாலியெஸ்டரை மேலுமாக இருமுறை பூசுவதே நீடிக்கும். உருகும் பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும் என்பதால், துரு எப்போதும் சமதளத்தில் தொடங்காமல் வெட்டிய ஓரத்திலும் திருகுத் துளையிலும் அட்டை செருகும் வாயின் விளிம்பிலும் தொடங்குகிறது. விளிம்புகளை மழுங்கத் தேய்த்து, துளைகள் அனைத்தையும் பூச்சுக்கு முன்பே இட்டுவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதினால் பெட்டியின் ஆயுள் கணிசமாகக் கூடும். கேமராவோ கூடுதல் கம்பியோ பொருத்துவதற்காக நிறுவும் இடத்தில் துளையிடுவது எல்லா ஊரிலும் நடக்கும் வழக்கம். அந்தத் துளை பல மாத உழைப்பை ஒரு நிமிடத்தில் வீணாக்குகிறது.

நிறம் என்பது வெப்பமும்கூட. கருநீலமோ கருப்போ பூசிய பெட்டி வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், சித்திரை வெயிலில் வெளித்தகடு காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகமாகச் சூடேறி உள்ளேயும் சூட்டைச் செலுத்துகிறது. ரசீதுக்கான தாள் மை இல்லாமல் வெப்பத்தால் எழுத்துப் பதியும் வகையாதலால், அந்தச் சூட்டில் அச்சாகும் முன்பே கருக்கத் தொடங்குகிறது. திரையிலுள்ள நீர்மப் படிகங்கள் குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்ததும் ஒழுங்கிழந்து திரையில் கருந்திட்டு தோன்றுகிறது. தலைமையகத்தின் குளிரூட்டிய அறையில் கம்பீரமாகத் தெரிந்த கருப்பு, மதுரைப் பேருந்து நிலைய வாசலில் குளிர்விப்பானின் மின்செலவாக மாறிவிடும் என்பதால், வெயில் நேரடியாக விழும் கூரையும் மேற்குப் பக்கமும் வெண்மையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்க, நிறுவனத்தின் அடர் நிறத்தை நிழல்படும் முகப்பில் மட்டும் பட்டையாகக் காட்டுவது அறிவுடைமை. நிறமிகளின் இயல்பும் கணக்கில் கொள்ளத்தக்கது. கோயில் மதில்களின் வெள்ளை, காவிப் பட்டைகளில் உள்ள காவி இரும்பு ஆக்சைடு என்ற கனிம நிறமி. அது வெயிலில் வெளிறுவதில்லை. நிறுவனங்கள் விரும்பும் பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரிம நிறமிகளால் ஆனவை. அவற்றில் உயர்தர வகையைக் கேட்டு வாங்காவிட்டால் வெயில் அவற்றைத் தின்றுவிடும். 1927-ல் ஜெர்மனியில் தொடங்கி இன்று உலகெங்கும் வழங்கும் ரால் என்ற நிற எண் முறைப்படி ஒரு எண்ணைக் குறிப்பிடுவது நிறம் எது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது, எத்தனை ஆண்டு நிற்கும் என்பதையன்று.

பெயருக்கு வரும்போது கதை முற்றிலும் மாறுகிறது. 2017 ஏப்ரல் 1 அன்று திருவாங்கூர் ஸ்டேட் வங்கி உள்ளிட்ட துணை வங்கிகள் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் கரைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்ந்தது. தெருக்களில் நின்ற அந்த வங்கிகளின் இயந்திரங்கள் அனைத்தும் பெயர் மாற வேண்டியிருந்தது. 2012-ல் ரிசர்வ் வங்கி வங்கியல்லாத நிறுவனங்களுக்கும் அனுமதி தந்ததால் வந்த ஒயிட் லேபிள் ஏடிஎம் என்ற ஏற்பாட்டில், எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் இயக்கும் நிறுவனத்தின் பெயரையே தாங்கிய பெட்டிகளும் தெருவுக்கு வந்துவிட்டன. இப்படிப்பட்ட சூழலில் பெயரையும் சின்னத்தையும் பூச்சோடு பூச்சாக எழுதுவதும், தகட்டைக் குடைந்து பொறிப்பதும், பெருமிதத்தின் விளைவாக இருக்கலாமே தவிர முன்யோசனையின் விளைவாகாது. திருகாணியில் கழற்றி மாட்டக்கூடிய தனிப் பலகையிலோ உரிக்கக்கூடிய வினைல் படலத்திலோ பெயர் அமைய வேண்டும்.

வினைல் படலத்திலும் இருவகை உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டி உண்டாக்கும் காலண்டர்டு வகை மலிவானது, ஆனால் தன் பழைய வடிவுக்குச் சுருங்க முயல்வதால் வெயிலில் ஓரங்கள் உள்வாங்கிப் பசை வெளியே தெரிகிறது. திரவமாக ஊற்றி உலர்த்தும் காஸ்ட் வகை மெல்லியது, வளைவுகளில் படிந்து உட்காரும், பல ஆண்டு சுருங்காது. அச்சிட்ட படலத்தின்மேல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த படலம் ஒன்றையும் ஒட்டாவிட்டால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் மறைந்து, பழைய சினிமா சுவரொட்டியில் காண்பதுபோல் நீலம் மட்டும் எஞ்சும். சொரசொரப்பான பவுடர் பூச்சின்மேல் வினைல் சரியாக ஒட்டாது. அதே சொரசொரப்பு சுவரொட்டிப் பசையையும் பற்றவிடாது, கீறலையும் மறைக்கும். எனவே பக்கங்களும் அடிப்பகுதியும் சொரசொரப்பாகவும், பெயர் ஒட்டும் முகப்பு வழவழப்பாகவும் அமைந்தால் ஒரே பெட்டி இரு தேவைகளையும் நிறைவேற்றும்.

தமிழ் எழுத்துக்கென்று இங்கே தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலப் பெயருக்காக வரைந்த பலகையில் தமிழைப் பின்னர் நுழைக்கும்போது, மேலே இகர, ஈகாரக் குறிகளும் கீழே உகரக் குறியும் கொண்ட எழுத்துகளுக்கு உயரம் போதாமல் அவை சிறுத்துப்போகின்றன. எழுத்தெழுத்தாக வினைலில் வெட்டி ஒட்டும்போது முதலில் உதிர்வது புள்ளி. அதன் பரப்பு மிகச் சிறியதாதலால் பசைக்குப் பிடிப்பு இல்லை, சுத்தம் செய்யும் துணியே அதைக் கொண்டுபோய்விடும். மெய்யெழுத்துகளெல்லாம் உயிர்மெய்யாக மாறிய பலகை தமிழ்ப் பயனரை அவமதிப்பது. தமிழை நாம் இறுதியில் ஒட்டினோம் என்று அந்த நிறுவனம் ஊருக்கே அறிவிப்பது. முழுச் சொல்லையும் ஒரே படலத்தில் அச்சிட்டால் இக்குறை நேராது. தகட்டை எழுத்து வடிவில் வெட்டிப் பின்னால் விளக்கெரிய வைக்கும் முறையில், ல, வ, ண, ழ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிகள் தனித் துண்டாகக் கழன்று விழாதிருக்க மெல்லிய இணைப்புகளை வரையும்போதே விட வேண்டும். அதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த வரைகலைஞர் தேவை.

அலங்காரம் என்று கருதப்படும் எளிமை பாதுகாப்புக்கும் உதவுகிறது. அட்டையிலுள்ள விவரங்களைத் திருடும் ஸ்கிம்மர் என்ற கருவி, அட்டை செருகும் வாயின்மேல் பொருத்தப்படும் போலி உறையாகவே பெரும்பாலும் வருகிறது. வாடகைக் குறிப்பும் கடன் விளம்பரமும் பழைய அறிவிப்பும் ஒட்டிக் குழம்பிய முகப்பில் அந்த உறையையோ அசல் கியூஆர் குறியீட்டின்மேல் ஒட்டிய போலிக் குறியீட்டையோ எவரும் கவனிக்கமாட்டார்கள். வாயையும் விசைப்பலகையையும் சுற்றி ஒரு சாண் இடம் எந்த எழுத்தும் இல்லாமல் ஒரே நிறத்தில் விடப்பட்டு, வாயின் சட்டம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அமைந்தால் கூடுதலாக ஒட்டிய எதுவும் உடனே கண்ணில் படும். அந்த வெற்றிடத்தை விளம்பரத்துக்குக் கேட்கும் விற்பனைப் பிரிவுக்கு மறுப்புச் சொல்லும் அதிகாரம் யாரேனும் ஒருவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.

பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கு அந்த ஒரே நிறப் பரப்பு வேறு வகையிலும் துணை: வெளிர் தகட்டில் அடர்நிறச் சட்டமிட்ட வாய் எங்கே இருக்கிறதென்று மங்கலான பார்வைக்கும் புலப்படும். 2014 ஜூலை 1 முதல் புதிதாக நிறுவும் ஏடிஎம்கள் அனைத்தும் குரல் வழிகாட்டலும் பிரெயில் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் பணித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-ல் வந்தது. ஆனால் இயந்திரம் பேசினாலும், கண்ணாடிபோல் பளபளக்கும் எவர்சில்வர் முகப்பு வெயிலைத் திருப்பி அடித்துத் திரையைக் காணவிடாமல் செய்தால், முதியோருக்கு அந்தப் பெட்டி பாதி மூடியதே. கைக்கும் கண்ணுக்கும் அருகிலுள்ள பரப்புகள் மங்கலான மெருகில் இருப்பது ரசனை சார்ந்த தேர்வன்று.

பெட்டி நின்ற பிறகு அதைத் தொடுபவர்களின் பழக்கங்களும் பூச்சைச் சோதிக்கின்றன. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் திருநீறும் பெறாத இயந்திரம் இந்த மண்ணில் அரிது. வெள்ளைப் பூச்சில் மஞ்சளும் சாயக் குங்குமமும் ஊறிவிடாதபடி, கறை உள்ளிறங்காத பூச்சுதானா என்று மாதிரித் தகட்டிலேயே அவற்றைப் பூசி ஒரு நாள் விட்டுத் துடைத்துப் பார்ப்பது, எந்தப் பன்னாட்டுத் தரநூலிலும் காணப்படாத, ஆனால் இங்கே அவசியமான சோதனை. தரையைக் கழுவும் ஆசிட் இன்னும் கொடியது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியும் தெறிப்பும் 316 எஃகையும் அரித்துவிடும் என்பதால், அடிப்பீடம் தகடாக இல்லாமல் கருங்கல்லாகவோ கான்கிரீட்டாகவோ ஒரு முழம் உயர்ந்திருப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு அந்த உயரத்தின் மற்றொரு காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சின் தரத்தை உறுதிசெய்ய உப்புத்தெளிப்புச் சோதனை பரவலாகக் கேட்கப்படுகிறது. 35 டிகிரி வெப்பமுள்ள அறையில் 5 விழுக்காடு உப்புக்கரைசலை இடைவிடாது பனிபோல் தெளிக்கும் அந்தச் சோதனையில் ஆயிரம் மணிநேரம் தாங்கியது என்ற சான்று, ஒரு பூச்சை இன்னொன்றோடு ஒப்பிட உதவுமே ஒழிய, நாகப்பட்டினத்தில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லாது. அங்கே உப்போடு வெயிலும், ஈரத்தோடு உலர்வும் மாறி மாறி வருகின்றன. மண்டபத்தில் ஆய்வாளர்கள் செய்ததையே சிறு அளவில் செய்யலாம்: பெட்டி நிற்கப்போகும் இடத்தில், போட்டியிடும் பட்டறைகளின் மாதிரித் தகடுகளைக் கத்தியால் குறுக்காகக் கீறி, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் நிறுத்திவைத்து, கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் பரவியது என்று அளந்து, அதன் பிறகே ஆணை வழங்கலாம். ஆணையில் பூச்சுத் தூளின் தயாரிப்புத் தொகுதி எண், கீறலை மூடுவதற்கான அதே நிறப் பெயின்ட் டப்பா, கடலோரத்தில் நன்னீரால் கழுவ வேண்டிய கால இடைவெளி, ஒப்பந்தம் முடியும் நாளில் பழைய பெயரைப் பசைத்தடம் இல்லாமல் உரித்துத் தருவது யார் பொறுப்பு என்ற நான்கும் இடம்பெற வேண்டும். இவற்றுள் கடைசி நிபந்தனையை எழுத மறந்ததாலேயே, மூடப்பட்ட சேவைகளின் பெயர்களைத் தாங்கிய பெட்டிகள் இன்றும் பல ஊர்களின் நடைபாதைகளில் நிற்கின்றன.